கீழ் லயத்துக்குச் சைபர்

— அப்ப கீழ் லயத்துக்குச் சைபர்னு எழுதிக்கவா ஆன்ட்டி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— அதென்ன நட்டாலி மிஸ்ஸி, ஒரே கேள்விய மூணு வாட்டி? அம்மை எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எழுதிக்க.

— கோவிச்சுக்காதீங்க லா. மேல் லயத்து வீடுங்கள்ல பதினேழு பேருக்கு வந்திருக்கு. நடுவுல ஒரு செம்மண் ரோடுதான். இந்தப் பக்கம் ஒருத்தருக்குமே இல்லன்னு நர்ஸு நான் போய்ச் சொன்னா கிளினிக்ல டாக்டர் நம்ப மாட்டேங்கிறாரு.

— நம்பாட்டி போகட்டும். நாங்க சுத்தபத்தமா இருக்கோம்.

— சுத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல ஆன்ட்டி. காத்துல வர்றது. குளிர் நாட்டுல பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வயசுலயே வந்து போயிடுமாம். நம்மள மாதிரி சூட்டு நாட்டுலதான் நெறைய பேரு அது வராமலே வளந்துடுறாங்க. பெரிய ஆளான பிறகு வந்தா ஆளையே சாய்ச்சுடும்.

— சாய்க்கும்தான். ம்ம்... கேள்விப்பட்டிருக்கேன்.

— உங்க வீட்டுக்காரரு சன்னாசி அங்கிள் எங்க? மோட்டார் சைக்கிள் நிக்குது, ஆளைக் காணோம்?

— தூங்குறாரு. சுங்கை காடுட் ஃபேக்டரில நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தாரு. நீ அங்கயே நில்லு மிஸ்ஸி, உள்ள வராத. இப்பத்தான் தரைய கழுவி விட்டேன்.

— கொஞ்சம் தண்ணியாச்சும் குடுங்களேன். வெயில் மண்டையப் பொளக்குது.

— தண்ணி... கொழாயில வரல மிஸ்ஸி. தப்பா நெனைக்காத.

— நீலாவதி ஆன்ட்டியா தண்ணி இல்லன்னு சொல்றது? போன மாசம் டெங்கிக்கு வீடு வீடா பாக்க வந்தப்ப, தோசை சுட்டுப் பொட்டலம் கட்டிக் குடுத்தீங்களே.

— அது போன மாசம்.

— இன்னிக்குத் தாளிக்கிற வாசனையும் இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா?

— எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். பொழுதுசாய ஃபேக்டரி வேன் வந்துடும், அவசரத்துல வெறும் பருப்ப வேக வச்சேன். அது கெடக்கட்டும், மேல் லயத்துக்கு இன்னும் வேன் வரலியா?

— எங்க வரும்? வாசல்ல வேப்பிலையப் பாத்தா டிரைவர் தர்மராஜ் வேனையே நிறுத்த மாட்டேங்கிறாரு. ஃபேக்டரிக்காரங்க போட்ட ஆர்டராம். அம்மை இல்லாத வீட்டு ஆளுங்களையும் ஏத்தல. மூணு வாரமா அந்த லயமே வேலைக்குப் போகல.

— பாவம்லா. வயிறுன்னு ஒண்ணு இருக்கே.

— சரி, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. மோகனாவப் பாத்துட்டுத்தான் வர்றேன்.

— என் மகளையா? எப்படி இருக்கா? வயித்துப் பிள்ள நல்லா அசையுதா?

— ரெண்டும் நல்லா இருக்கு. ஒரு வாரமா அம்மா போன்லயே பேசுது, வீட்டுப் பக்கம் வர வேணாங்குதுன்னு அவளுக்குத்தான் வருத்தம்.

— வயித்தத் தூக்கிட்டு அலைய வேணாமேன்னு சொன்னேன். வேற ஒண்ணுமில்ல.

— ஆனா ஆன்ட்டி, அவளுக்கு இதுவரைக்கும் அம்மை வந்ததே இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்தோம். மாசமா இருக்கிறப்ப வந்தா அவளுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அவளோட பக்கத்து வீட்டுலயே ரெண்டு பேருக்கு இருக்கு. அதான் சொல்லிட்டேன்: பிள்ள பொறக்குற வரைக்கும் அம்மா வீட்டுல போய் இரு, கீழ் லயத்துல யாருக்குமே இல்லன்னு.

— இங்கயா?

— வேற எங்க?

— வேணாம் மிஸ்ஸி. இது சின்ன வீடு, ஒரே ரூம்பு. தெமியாங்ல அவ நாத்தனா ரதி இருக்கா. அங்க அனுப்பு.

— பெத்த தாய் பேசுற பேச்சா இது? அவ எவ்வளவு ஆசையா துணி மடிச்சு வச்சா தெரியுமா? வந்ததும் அப்பா பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சோறு சாப்பிடணுமாம்.

— அவரு பக்கத்துலயா... ஐயோ. எப்ப வர்றா?

— அதோ, கோயில் திருப்பத்துல கார் வருது பாருங்க. மருமகன் திருச்செல்வத்தோட காடிதானே அது?

— மிஸ்ஸி, ஓடு! காடிய மறி. கதவத் தெறக்க வேணாம்னு சொல்லு. கண்ணாடியக்கூட எறக்க வேணாம்!

— என்ன ஆன்ட்டி, ஏன் அழுவுறீங்க? சைபர்னு நீங்கதானே சொன்னீங்க?

— அந்தச் சைபர அழி மிஸ்ஸி. நமக்கும் வேன் நின்னுடும்னு லயத்துல எல்லாரும் சேந்து பேசி வச்சோம். நான்தான் மொதல்ல சரின்னேன்.

— என்ன பேசி வச்சீங்க?

— பின்பக்கம் போய்ப் பாரு, பதினோரு வீட்டு வேப்பிலையும் அங்கதான் தொங்குது. என் மக சாப்பிடணும்னு வர்ற அந்த அப்பன், அம்மைக்கு இன்னும் மொதத் தண்ணிகூட ஊத்தாம உள்ள படுத்துக் கெடக்குறாரு.