குளிப்பாட்டும் பயிற்சி

— சிரிச்சு முடிச்சிட்டியா கர்ட்?

— இருடா, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. பேப்பர் மில்லுல அத்தனை வருஷம் கிரேன் ஓட்டின ஹார்லன், இப்ப வெள்ளை ஷூ மாட்டிக்கிட்டு நர்ஸ் வேலைக்குப் படிக்கிறான். இந்த உறைஞ்ச ஏரியில ஐஸுக்கு அடியில மீனெல்லாம் சிரிக்குது, காதை வெச்சுக் கேளு.

— மில்லை மூடிட்டாங்க. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை தருவான்? முதியோர் இல்லத்துல ஆள் கிடைக்காம அல்லாடுறாங்க.

— வகுப்புல எத்தனை ஆம்பளைங்க?

— நான் ஒருத்தன்தான். மத்ததெல்லாம் என் பொண்ணு வயசு. நாடி பிடிச்சுப் பழகணும்னா என் கைக்குத்தான் வரிசையில நிக்குதுங்க. புடைச்ச நரம்பாம், சட்டுன்னு கிடைக்குதாம்.

— குடுத்து வெச்சவன்டா நீ! இந்தக் கூத்து எத்தனை வருஷம்?

— இப்ப உதவியாளர் படிப்பு, ரெண்டு மூணு மாசம். முடிச்சா இல்லத்துல வேலை நிச்சயம். வேலை பாத்துக்கிட்டே இன்னும் ஒரு வருஷம் படிச்சா சின்ன நர்ஸ். அதுக்கும் மேல போனா முழு நர்ஸ். எல்லாம் நம்ம ஊர் காலேஜ்லயே. நடுவுல எங்க வேணா நின்னு சம்பாதிச்சுட்டு, அப்புறம் விட்ட இடத்துல இருந்து ஏறிக்கலாம்.

— நீ முழு நர்ஸ் ஆகுறதுக்குள்ள உன்னைப் பாத்துக்க ஒரு நர்ஸ் தேவைப்படும்.

— தேவைப்படட்டும். ஆனா எனக்கு அது பிடிச்சிருக்குடா. கிரேன் என்னைக்காவது எனக்கு நன்றி சொல்லியிருக்கா?

— சரி சரி, கண்ணைக் கசக்காத. பிராந்தியை இங்க தள்ளு. தூண்டிலைப் பாரு, அசையுது.

— கர்ட், நான் இன்னைக்கு மீனுக்காக வரல.

— பின்ன?

— போன வாரத்துல இருந்து இல்லத்துல நேரடிப் பயிற்சி. உங்க அப்பா அங்கதான் இருக்காரு.

— தெரியும். ஜோலீன் அக்காதான் கொண்டு போய்ச் சேர்த்தா. அந்தப் பேச்சு வேணாம்.

— அவரைக் குளிப்பாட்டுற வேலை எனக்கு வந்துச்சு.

— வேணாம்னு சொன்னேன்ல.

— யாரையும் கிட்ட விடமாட்டாராம். கையை ஓங்குவாராம்.

— ஓங்குவாரு. அதுல எப்பவுமே கெட்டிக்காரரு.

— என்னைப் பாத்ததும் கையை இறக்கிட்டாரு. "வந்துட்டியா கர்ட்"னாரு.

— நான் அந்தப் பக்கமே போனதில்லையே.

— உனக்கும் எனக்கும் ஒரே உசரம், ஒரே தொப்பை, ஒரே தாடி. அவருக்குக் கண்ணும் மங்கிப் போச்சு.

— நான் கர்ட் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னேன். அழ ஆரம்பிச்சிட்டாரு. மறதி நோய் இருக்கறவங்களை மறுத்துப் பேசித் திருத்தாதீங்கன்னு எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க. அதனால சும்மா இருந்துட்டேன். துணியை வெந்நீர்ல நனைச்சு முதுகைத் துடைச்சு விட்டேன். அப்பதான் சொன்னாரு.

— என்ன சொன்னாரு?

— "அந்தப் பனியில உன்னை வெளிய தள்ளி வீட்டைப் பூட்டிக்கிட்டேன். விடிஞ்சுதான் திறந்தேன். குளிர்ல கருகி உன் ரெண்டு விரலு போச்சு. தப்பு பண்ணிட்டேன்டா கர்ட், மன்னிப்பியா"னாரு.

— என் கையுறை எங்கடா?

— மரம் அறுக்கும்போது போச்சுன்னுதானே எங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருந்த.

— என் கையைப் பாக்காதடா.

— பாக்கல.

— நீ என்ன சொன்ன அவருகிட்ட?

— ஒண்ணும் சொல்லல. "மன்னிச்சிட்டேம்பா"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதை எடுத்துக் குடுக்க நான் யாரு? போர்வையைப் போத்திட்டு வந்துட்டேன். மறுநாளும் அதையே கேட்டாரு. நேத்தும் கேட்டாரு. "பதில் சொல்லாமப் போறியேடா"ன்னு.

— அக்காகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— விரல் அக்காவோடதா?

— ஹார்லன், நான் அங்க வந்து நின்னா நிச்சயம் கத்திடுவேன். கிழவன், சீக்காளின்னு எல்லாம் பாக்க மாட்டேன்.

— கத்து. கேட்டுக்கட்டும்.

— நல்ல நர்ஸுடா நீ!

— கத்தினாலும் அது உன் வாயிலருந்து வந்த பதிலா இருக்கும்.

— வேணாம். இத்தனை வருஷம் தள்ளியே இருந்துட்டேன், அப்படியே போகட்டும். நீயே கர்ட்டா இருந்துக்கோ. அடுத்த தடவை கேட்டா மன்னிச்சாச்சுன்னு சொல்லிடு. அவரும் நிம்மதியாத் தூங்குவாரு. நாளைக்குப் போவல்ல?

— போக முடியாது.

— ஏன், லீவா?

— நோயாளி பேசினதை வெளிய சொன்னா படிப்புல இடம் கிடையாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. இன்னைக்குக் காலைல டீச்சரைப் பாத்து, "இதை என் கூட்டாளிகிட்ட சொல்லத்தான் போறேன்"னு சொன்னேன். சொன்னா படிப்புல வெச்சுக்க முடியாதேன்னாங்க. பாவம், அவங்களுக்கே முகம் வாடிப் போச்சு. பயிற்சி அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு நேரா இங்க வந்தேன்.

— பைத்தியமாடா உனக்கு? அப்ப உன் படிப்பு?

— அடுத்த வருஷம் மறுபடி கேட்டுப் பாப்பேன். எடுத்துக்குவாங்களோ, மாட்டாங்களோ. ஆனா நாளைக்கு அவரு கர்ட்டுன்னு கூப்பிட்டா, அங்க திரும்பிப் பாக்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.