"அம்மாச்சி அப்படியே இருக்காக"

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் வீட்டில் சர்க்கரை வாங்குவதே இல்லை. என் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கு அந்த வியாதி.

நான் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியவன். படிப்பு கிடையாது. யாரையும் லேசில் நம்பமாட்டேன். போன தை மாசம் அறிவுச்செல்வி காமிராவோடு நாகல்நகரில் எங்கள் வாசலில் வந்து நின்றபோதும் விரட்டத்தான் பார்த்தேன். சினிமாப் படிப்பு படிக்கிற பிள்ளை. காலம் நகர்வதைக் குறும்படமாக எடுக்கிறாளாம். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் அதே பெஞ்சில், அதே துணியில் அசையாமல் உட்கார வேண்டுமாம். எல்லாவற்றையும் ஒட்டி ஓட்டினால் முகம் மாறுவது தெரியுமாம்.

பேச்சிக்குக் காது கேட்காது. பிள்ளைகள் இல்லை. என் குரலை நானே மறந்திருந்தேன். இந்தப் பெண் வந்ததும், "தாத்தா, சாப்டீகளா? என்ன வெஞ்சனம்?" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்ய ஆரம்பித்தேன்.

சித்திரையில் ஒருநாள் காமிராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"சேலைக்குத்தான் தாத்தா வயசாகுது. சுங்குடி வெளுத்துப்போச்சு. அம்மாச்சி அப்படியே இருக்காக."

"இருந்தா என்ன?"

"ஒண்ணுமே மாறலைன்னா படம் எதுக்கு? இந்த மாசத்தோட முடிச்சுக்கிறேன்."

ஆடி வரைக்குமாவது வந்து பாரு என்று கெஞ்சினேன், சரி என்றாள். முகம் மாற வேண்டுமே என்று முதலில் நான்தான் பட்டினி கிடந்து பார்த்தேன். மூட்டை தூக்கிய உடம்பு, இளைக்கவில்லை. பேச்சிக்கு மாத்திரை கொடுப்பது என் கை. அதை நிறுத்தினேன். பழனி பஸ் ஏறிப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கிவந்தேன். காலையும் மாலையும் மாத்திரைக்குப் பதில் அதுதான். "மாத்திர எங்க?" என்றாள். டப்பாவில் இருந்த முருகன் படத்தைக் காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். இனிப்புக்கு ஏங்கிக் கிடந்தவள். சந்தோஷமாகத்தான் தின்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடிக்குள் கன்னம் ஒட்டிவிட்டது. ரவிக்கை தொளதொளத்தது.

"டாக்டர்கிட்ட காட்டுனீகளா தாத்தா?"

"காட்டியாச்சு. வயசுங்கிறாரு."

அதற்கப்புறம் புதன்கிழமையும் வர ஆரம்பித்தாள். பேச்சியின் காலில் புண் வந்தபோது தினமும் வந்தாள். அவளே கழுவிக் கட்டுவாள். அந்த நாட்களில்தான் வீடு வீடு மாதிரி இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் விடிந்தும் பேச்சி கண் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளை அழுதுகொண்டே எடுத்தாள். படம் முடிந்தது. சென்னைக்குப் போனவள் ஒரு சிடி மட்டும் அனுப்பினாள். திரும்ப வரவில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். சிடி இந்தப் பையில் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். டீ குடித்து முடிப்பதற்குள் பேச்சி கரைந்துபோவாள். பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு இடத்திலாவது என் கை அவள்மேல் படுகிறதா, சொல்லுங்கள்.

வழக்கு என்றால் சாட்சி வேண்டும். அறிவுச்செல்வியை வரச்சொல்லி ஆள் அனுப்புவீர்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச்சொல்லுங்கள். சவரம் செய்து வைத்திருப்பேன்.