சின்ன விரலால் எழுதியது

கரைவலை இழுப்பவனின் விரலைப் போனின் கண்ணாடி இலேசில் அறியாது. கயிறு உரசி உரசி என் கை முழுக்கக் காய்த்துவிட்டது. பெருவிரலால் எத்தனை தரம் தட்டினாலும் எழுத்து விழாது. இடக்கைச் சின்ன விரல் மட்டும் இன்னும் மெதுமையாக இருக்கிறது, அந்த விரலால்தான் எழுதுவேன். ஒரு வரி முடிய ஒரு சுருட்டும் முடிந்துவிடும். ஆகவே ஆத்திரத்தில் எழுதிவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

எங்கள் கரை வங்காலைக்குத் தெற்கே இருக்கிறது. சண்டைக்குள் வன்னி முழுக்க ஓடி, செட்டிகுளம் முகாமில் அடைபட்டு, தகரக் கொட்டில்களுக்குத் திரும்பி வந்த சனம் நாங்கள். வந்து சில வருடங்களில் எங்கள் ஊர்ப் பெற்றிசியா பேஸ்புக்கில் ‘எங்கட கரை’ என்று ஒரு பக்கம் தொடங்கினாள். வள்ளம் ஏற்றும் இடத்தைக் கடற்படை வேலி போட்டு எடுத்தது, குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வராதது, எல்லாவற்றையும் அதில் கேட்டாள். கனடாவில் இருப்பவர்களும் வந்து வாதாடினார்கள். பவுசர் ஒழுங்காக வரத் தொடங்கியது. பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது, நீயே நில் என்று சனம் அந்தப் பக்கத்திலேயே அவளை நிறுத்தியது.

நானும் அங்கே எழுதுவேன். நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கற்றேன். கயிற்றில் எனக்கு முன்னால் நிற்கும் பிலேந்திரன் நக்கலடிக்காமல் விடமாட்டான்.

“என்ன அமிர்தநாயகம், மூக்குக் குடையிற விரலாலயோ அரசியல் கதைக்கிறாய்?”

“பெருவிரலால கைநாட்டு வைச்ச காலம் போட்டுது, மச்சான்.”

தேர்தலுக்கு முந்திய மாதம் பெற்றிசியா முகாமில் நடந்த ஒன்றைப் பற்றி எழுதினாள். தலையில் சாக்கு போட்ட ஒருவனை ஆமி கதிரையில் இருத்தி, ஆண்களை வரிசையாக அவன் முன்னால் நடத்தியது. அந்தத் தலையாட்டி யாரைப் பார்த்துத் தலையசைத்தானோ, அவர் பஸ்ஸில் ஏற்றப்பட்டார். அவளுடைய புருசன் சூசைதாசனும் அப்படி ஏற்றப்பட்டவன்தான். இன்றுவரை தகவல் இல்லை. அன்று கண்டதை எல்லோரும் எழுதுங்கள், சேர்த்து மன்னாரில் நடக்கப்போகும் காணாமல்போனோர் விசாரணையில் கொடுப்போம் என்று கேட்டிருந்தாள்.

சனம் எழுதத் தொடங்கியது. சாக்குக்குக் கீழே தெரிந்த காலை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது என்று ஒருவர் எழுதினார்.

நான் வேறொரு பெயரில் கணக்குத் திறந்தேன். படத்துக்கு அந்தோனியார் சுரூபத்தை வைத்தேன். ‘சாக்குக்குள்ள இருந்தது ஆம்பிளை எண்டு ஆர் சொன்னது? புருசனைப் பிடிச்சுக் குடுத்தவவே இப்ப வாக்குக் கேக்கிறா?’ என்று எழுதினேன். கேள்வியாகத்தான் எழுதினேன். கேள்வி கேட்பது எங்கள் உரிமை என்று பக்கத்தின் தலைப்பில் அவளே போட்டிருந்தாள்.

கயிறு இழுக்கும்போது ஒருவன் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுத்தால் போதும். எடுத்தது யார் என்று திரும்பிப் பார்க்காமல் அத்தனை பேரும் இழுப்பார்கள். இதுவும் அப்படித்தான் நடந்தது. ‘நான் அப்பவே நினைச்சனான்’ என்றார்கள். ‘அதுதான் அவவை ஒருத்தரும் விசாரிக்கேல்லை’ என்றார்கள். ஞாயிறு பூசையில் அவள் உட்கார்ந்த வாங்கில் வேறு யாரும் உட்காரவில்லை. நானும் பின் வாங்கில்தான் இருந்தேன்.

அவள் கரைக்கு வந்தாள்.

“அமிர்தம் அண்ணை, முகமில்லாத ஒருத்தன் எழுதிறான். நீங்கள் முகாமில பக்கத்துக் கூடாரத்தில இருந்தனீங்கள். ஒரு வரி போடுங்கோவன்.”

“எனக்கு எழுத்துக்கூட்ட நேரமெடுக்கும், தங்கச்சி.”

“எடுக்கட்டும். படிப்பிச்சது நான்தானே, எனக்குத் தெரியாதே?” என்று சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்ததை நான் வேறெங்கும் காணவில்லை.

உண்மைதான். புருசனைக் கொண்டுபோன பிறகு, மனம் பேதலிக்காமல் இருக்க, அவள் முகாமில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். முதல் ஆளாகப் போய் இருந்தது நான். கற்கும் ஆசையும் இருந்தது. பக்கத்தில் இருந்தால் அவள் யாரைச் சந்தேகிக்கிறாள் என்று தெரியவரும் என்பதும் இருந்தது. அவள் என்னைச் சந்தேகிக்கவேயில்லை.

சாக்குக்குள் சரியான புழுக்கம். தலையாட்டினால் முகாமை விட்டு வெளியே விடுவோம் என்றார்கள்; விடவில்லை. சூசைதாசன் இயக்கத்தில் இருந்தவன் இல்லை. எங்கள் கயிற்றில் அம்பா எடுப்பவன். அன்று யாருக்காவது நான் தலையாட்ட வேண்டியிருந்தது. ஓட்டை வழியே தெரிந்த முகங்களில் எனக்குப் பழக்கமானது அவனுடையது.

அவள் கேட்ட அன்று பின்னேரமே என் சொந்தப் பெயரில் எழுதினேன்: ‘கடவுளுக்கு எல்லாம் தெரியும், தங்கச்சி.’ அதற்கு அவள் ஓர் இருதயம் போட்டாள்.

தேர்தலில் தோற்றாள். விசாரணைக்குப் புருசனின் படத்தோடு தனியே போய் வந்தாள். சாக்குக்குக் கீழே தெரிந்த காலைப் பற்றிப் பிறகு ஒருவரும் எழுதவில்லை. நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது அந்தச் சின்ன விரலை மடக்கிக்கொள்கிறேன். அதைத் தரும் சுவாமியாரின் முகத்தைப் பார்ப்பதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவளுக்காக அங்கே எழுதிய ஒரே ஆள் நான்தான்.