மேனேஜரின் மச்சானிடம் கற்ற வேலை

போலீஸ் ஸ்டேஷனில் அடையாள அட்டையைப் பார்த்து என் பெயரை எழுதிக்கொண்டார்கள். குடோனில் எல்லோரும் என்னை முட்டுக்கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. குடோனுக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். நானும் என் மனைவியும் குடோனில் பெட்டி அடுக்கும் வேலை செய்கிறோம். மேனேஜரைத் தள்ளிக் கையை முறித்ததாக என்மேல் புகார்.

போன வருடம் பெட்டி தூக்கும் ரோபோக்கள் வந்தன. ஒன்றுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும், மற்றவை அதனிடமிருந்து இரவோடு இரவாகக் கற்றுக்கொள்ளும் என்று, ஏதோ தானே பெற்றெடுத்ததுபோல் மேனேஜர் பீற்றிக்கொண்டார். அதன் பிறகு, முதல் ரோபோவுக்கு வேலை காட்டத் தன் மனைவியின் தம்பியையே நியமித்தார். துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத அந்த மச்சான், மேனேஜர் தலை தெரிந்தால் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் நடப்பார். தலை மறைந்தால் சுவரோரம் போய்ச் சாய்ந்துவிடுவார். ரோபோ இதை அச்சுப் பிசகாமல் கற்றது. மறுநாள் எல்லா ரோபோக்களும் அதையே செய்தன. உண்மையான வேலையை நாங்கள் செய்தோம். இதை மேனேஜரிடம் சொன்னதற்கு எனக்குப் பொறாமை என்றார். தான் வரும்போதெல்லாம் அவை பம்பரமாய்ச் சுழல்வதைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல்.

நேற்றுக் காலை ரேக் சரிந்து என் மனைவி அடியில் சிக்கிக்கொண்டாள். நாங்கள் ஓடினோம். அதன் பிறகு சத்தம் கேட்டு மேனேஜர் வந்து நின்றார். உடனே சுவரோரம் இருந்த ரோபோக்கள் அத்தனையும் காலிப் பெட்டிகளோடு அவளிடம் போகும் குறுகிய வழியில் புகுந்து நடக்க ஆரம்பித்ததால் எங்களால் அவளருகே போக முடியவில்லை. அவற்றை நிறுத்தும் சாவி மச்சானிடம் இருந்தது. அவர் வேலைக்கு வரவில்லை.

"சார், நீங்க வெளிய போயிடுங்க சார். நீங்க போனா அதுங்க ஒதுங்கிடும்" என்று கெஞ்சினேன்.

"நான் இருக்கும்போதே இந்த லட்சணம். நான் போயிட்டா?" என்றார்.

பெட்டிகளுக்கு நடுவே அவள் கை மட்டும் தெரிந்தது. மறுபடியும் கெஞ்சினேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரோபோக்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அசைந்துகொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

அதன் பிறகு அவர் சட்டையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவர் படியில் விழுந்தார். ரோபோக்கள் சுவரோரம் போய் வரிசையாகச் சாய்ந்துகொண்டன. வழி கிடைத்து அவளை வெளியே எடுத்தோம்.

மேனேஜரின் கை ஒரு மாதத்தில் கூடிவிடுமாம். என் மனைவியின் கையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தள்ளியதற்கு வருத்தம் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, அவரை இரண்டு தடவை சார் போட்டுக் கெஞ்சிக்கொண்டு நின்றதற்குத்தான் வருத்தம் என்று சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதுதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)