சம்பந்தி தள்ளிய கார்

சாரல் காலத்தில் ஒருநாள் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டு வெள்ளைச்சட்டைக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"சம்பந்தியே இறங்கி என் காரைத் தள்ளும்படி ஆயிப்போச்சு, அண்ணாச்சி."

"ஏன், பெட்ரோல் தீந்துட்டா?"

"பெட்ரோல் கூடிப்போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏத்தத்துல கார் பறக்கணும்னு பெட்ரோல்ல ஓடுன அந்தக்கால லாரி கார்புரேட்டரை வாங்கி மாட்டியிருந்தேன்."

"ஒன் சின்ன எஞ்சினுக்கா? அவ்வளவு காத்தை இழுக்க அதுக்கு மூச்சு ஏது? பெட்ரோல்தான் எரியாமப் புகையும்."

"ஆமா. ஸ்குரூவைத் திருகித் திருகிப் பாத்தேன், கரும்புகைதான் வந்துச்சு. பாதி ஏத்தத்துல இருமிட்டு நின்னுட்டு. சம்பந்தி பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுத் தள்ளுதாரு. மாப்பிள்ளை மூஞ்சி பூரா கரி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு."

"அப்போ சம்பந்தம் முறிஞ்சிட்டா?"

"அதெல்லாம் இல்ல. பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்காம். சீதனமா அந்தக் காரைத்தான் கேட்டிருந்தாங்க. இப்போ கார் மட்டும் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, பழைய கார்புரேட்டரைத் திரும்ப மாட்டிப் பாத்தியா?"

"மாட்டி ஓட்டியும் பாத்தேன். முன்ன மாதிரியே ஜோரா ஓடுது. உடனே கழட்டிட்டு லாரி கார்புரேட்டரையே மாட்டிட்டேன்."

"ஏம்லே?"

வெள்ளைச்சட்டைக்காரர் பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும், அண்ணாச்சி. அதுவரைக்கும் வண்டி புகையட்டும்."