பேச்சில்லாத டிரைவரும் கார்டும்

சின்னதா ஒரு சங்கதி இருக்கு, அதைச் சொல்லிட்டு மத்ததைப் பேசறேன். யப்பா, அந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கு... நான் என்ன பனைமரமா?

எங்க வீட்டுக்காரர் பாசஞ்சர் வண்டியில கார்டு. எங்கக்கா வீட்டுக்காரர் சவரிராயன் அதே வண்டிக்கு டிரைவர். சகலைங்க. ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. வருஷக்கணக்கா! எதுக்கு? ஒரு கடிகாரத்துக்கு!

எங்கப்பாவும் கார்டா இருந்தவர்தான். ரயில்வே பாக்கெட் கடிகாரம் ஒண்ணு வச்சிருந்தார். வெள்ளிச் சங்கிலி, மூடியில இன்ஜின் படம். சவரிராயனுக்கோ பழைய கடிகாரம்னா பைத்தியம். சந்தையில, ஏலத்துல எங்க கண்டாலும் வாங்கிருவார். பீரோவுல ஒரு தட்டு முழுக்க அதுதான். தினம் பல் விளக்கின கையோட வரிசையா சாவி கொடுப்பார். பிள்ளைங்க யாராவது முள்ளைப் பின்பக்கமா திருப்பிட்டா போச்சு... "பின்னாடி திருப்பினா செத்துப்போகும்டா!"ன்னு முதுகுல ஒண்ணு விழும். அவ்வளவு ஆசை வச்சவருக்கு எங்கப்பா கொடுக்கலை. சின்ன மருமகனுக்குக் கொடுத்துட்டார். அன்னைக்கு எங்கக்கா பாதிச் சாப்பாட்டுல இலையை மூடிட்டு எழுந்து போனா பாருங்க... மஞ்சள் சேலை, பச்சைக் கரை. மறப்பேனா நான்?

ஆனா ரயில்வேக்கு உங்க சண்டை தெரியுமா? வண்டி கிளம்புமுன்ன டிரைவரும் கார்டும் கடிகாரத்தை ஒத்துப் பார்க்கணும், ரெண்டும் ஒரே மணி காட்டணும். அது சட்டம். இவங்க எப்படிப் பார்ப்பாங்க? இவர் இன்ஜினுக்குக் கீழே நின்னு கடிகாரத்தைத் தூக்குவார். அவர் மேல இருந்து தன்னோடதை நீட்டுவார். ரெண்டு தலை ஆடும். முடிஞ்சது!

ஒரு நாள் அப்படித்தான் தலையை ஆட்டிட்டுக் கிளம்பினாங்க. வழியில பார்சல் இறக்கும்போது கதவுல இடிச்சு, எங்க வீட்டுக்காரர் கடிகாரம் விட்டுவிட்டு ஓடியிருக்கு. அவருக்குத் தெரியாது. அடுத்து ஒரு சின்ன ஹால்ட்டு. மேடை உண்டு, மணி பார்க்கக் கடிகாரம் கிடையாது. கிளம்புற நேரம் ஆச்சு... கார்டு கொடி காட்டலை. இன்ஜின் கூவுது. இவர் கடிகாரத்துல இன்னும் நேரம் ஆகலை. இவர் என்ன நினைச்சார்? "வேணும்னே வம்புக்கு இழுக்கிறான்"னு நினைச்சு, சிவப்புக் கொடியை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னார்!

இவர் கடிகாரம் பின்தங்கிடுச்சுன்னு சவரிராயனுக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்த ஜங்ஷன்ல ஒரு ஆபீசர் நின்னு எல்லார் கடிகாரத்தையும் வாங்கிப் பார்க்கிறார்னு ரெண்டு பேருக்கும் முன்னாடியே சேதி வந்திருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கு. இன்னொரு தப்பு நடந்தா கார்டு வேலை போச்சு. இது சவரிராயனுக்கும் தெரியும். வாயை மூடிட்டு இருந்திருக்கலாமா இல்லையா? யார் கேட்டிருப்பா?

மனுஷன் ஃபயர்மேன்கிட்ட இன்ஜினை விட்டுட்டு இறங்கினார். கரிக்கையோட வண்டி நெடுக நடந்து வந்தார். ஜனங்க எல்லாம் ஜன்னல்ல தலையை நீட்டிப் பார்க்குது.

"கார்டு சார்... உங்க மாமனார் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி இருக்கு."

"ஏன், டிரைவர் சார் கடிகாரம் முன்னாடி இருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் திறக்காத வாய், ஆபீசர் வர்ற அன்னைக்குத்தான் திறக்குமா?"

பார்த்தீங்களா சந்தேகத்தை? சவரிராயன் என்ன பண்ணினார் தெரியுமா? தன் கடிகாரத்தை எடுத்தார், மேல இருக்கிற திருகை இழுத்தார்.

"சரி. என்னோடதை உங்க மணிக்கே பின்னாடி திருப்பிடறேன். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும். மாட்டினா ரெண்டு பேரும் சேர்ந்தே மாட்டுவோம்."

பின்னாடி திருப்பறார்! யாரு? பச்சைப் பிள்ளைங்களை அதுக்காக அடிச்ச மனுஷன்! எங்க வீட்டுக்காரர் பாய்ஞ்சு கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"வேணாம் சகலை! திருப்பாதீங்க!"

தன்னோடதை நாலு நிமிஷம் முன்னாடி தள்ளினார். கொடி பச்சையாச்சு.

ஜங்ஷன்ல ஆபீசர் ரெண்டையும் வாங்கி ஸ்டேஷன் கடிகாரத்தோட வச்சுப் பார்த்தார். "சபாஷ், மூணும் ஒண்ணா இருக்கே!"ன்னு திருப்பிக் கொடுத்தார். அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கூடக் கழட்டாம ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சிட்டு, "வேலை தப்பிச்சுதுடி"ன்னு சுவத்துல சாய்ஞ்சுட்டார்.

அப்புறம் ராசியாயிட்டாங்களான்னு கேட்கிறீங்களா? எங்க! மறுநாளே பழையபடி தலையாட்டல்தான்.

இதை ஏன் சொல்றேன்? போன வாரம் நம்ம காலனியில ஜெபமாலை வீட்டுல கேஸ் கசிஞ்சது. பக்கத்து வீட்டுல நாத்தம் அடிச்சிருக்கு. "நமக்கும் அவளுக்கும் பேச்சில்லையே"ன்னு ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க! நல்லவேளை, பால்காரர் கதவை இடிச்சார், உள்ளே அஞ்சு உசுரு பிழைச்சது. யார் ஜன்னலைச் சாத்தினதுன்னு நான் சொல்ல மாட்டேன். இப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

ராசியாகுங்கன்னு சொல்ல நான் வரலை, தாயி. எங்கக்கா வீட்டுப் படியை நானே இன்னைக்கு வரைக்கும் மிதிக்கலை. மிதிக்கப் போறதும் இல்லை. உங்க கோபம் உங்களோட இருக்கட்டும். ஆனா அடுத்தவ வீட்டுல ஆபத்துன்னு தெரிஞ்சா ஓடிப் போய்க் கதவைத் தட்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லு. உசுரு பிழைக்கட்டும்... அப்புறம் வாசல்லயே நின்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வா. உன்னை யார் கேட்கப் போறா?