பச்சை மூடி

இல்லக்கா, பச்சை மூடி போட்ட மருந்துன்னு இங்க எதுவும் கிடையாது. நர்ஸ்கிட்ட நானே கேட்டுட்டேன். போன மாசம் கேட்டேன், இன்னிக்கும் கேட்டேன். என்னைப் பார்த்தாலே அவங்க இப்பல்லாம் பேசறதில்ல, ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டிடறாங்க. உக்காருங்கக்கா. டாக்டர் இப்பதான் வந்திருக்காரு, அதுக்குள்ள ஏன் கிளம்பறீங்க?

ஜீவி, ஓடாத! பாப்பால்லாம் தூங்குது பாரு. சாரிக்கா. அந்த ஷூவைக் கழட்டினா வெறுங்கால்ல நிக்க மாட்டேங்கறா, போட்டா கீச்சு கீச்சுனு ஊரையே எழுப்பறா. அச்சோ, உங்க குட்டியும் முழிச்சிடுச்சா. பேரு என்ன? ஸ்ரீவத்சனா? இத்துனூண்டு உருவத்துக்கு அவ்ளோ பெரிய பேரா! இந்த மாசம் தடுப்பூசி போடணும்ல? அதான் ஏன் கிளம்பறீங்கன்னு கேட்டேன்.

போனைக் காட்டுங்க. ம்ம். இந்த மெசேஜ் எனக்கும் வந்துச்சு. நல்லா மேல தள்ளிட்டே போங்க... போங்க... ஆங், இதோ பாருங்க, கடைசில லேகியம் விக்கிறான். ஊசி வேணாம், எங்க லேகியம் குடுங்கன்னு. டாக்டர்னு போட்டிருக்குதான். எந்த டாக்டர்? எந்த ஊர்ல இருக்காரு? தேதி இருக்கா பாருங்க. ஊசியால பாதிச்சதுன்னு போட்டிருக்கானே, அந்தக் குழந்தை எந்த ஆஸ்பத்திரில இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை இருக்கா? தாம்பரம் அருகேன்னு மட்டும் போட்டிருக்கு. தாம்பரம் அருகேன்னா எத்தனை லட்சம் பேர் இருக்கோம்க்கா.

ஆடியோவும் இருக்கா? உங்க மாமியாரோட தங்கச்சி அனுப்பினாங்களா? அது இப்ப வேணாம்கா. அப்புறம் கேக்கலாம்.

இல்லல்ல, உங்களை முட்டாள்னு சொல்லல. அப்படிச் சொன்னா முதல்ல என்னைத்தான் சொல்லிக்கணும். இப்படி அடுக்கறேனே, யாரு சொன்னா, எப்ப சொன்னா, எதை விக்கிறாங்கன்னு, இதெல்லாம் தெரிஞ்சே நான் மாட்டினேன். இவளுக்கு பூஸ்டர் ஊசி போட்டிருக்க வேண்டிய தேதி போயி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? தினம் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே வந்தேன். பென்னி, எங்க வீட்டுக்காரரு, கடுப்பாயிட்டாரு. உனக்கு டாக்டர் பெருசா, போன் பெருசான்னாரு. ரெண்டும் இல்ல, எனக்கு பயம்தான் பெருசுன்னேன்.

பயத்துக்குக் காரணம் இருக்குக்கா. போன ஊசி போட்டு ஒரு வாரம் கழிச்சு இவளுக்கு நல்ல காய்ச்சல். மடியில வெச்சிருக்கறப்பவே ஒடம்பு விறைச்சிடுச்சு. கண்ணு மேல போயிடுச்சு. உதடு... வேணாம், உங்களைப் பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. கொஞ்ச நேரத்துல தானாவே நின்னுடுச்சு. ஆட்டோல இங்கதான் தூக்கிட்டு ஓடி வந்தேன். டாக்டர் எதையும் மறைக்கல. ஊசியால காய்ச்சல் வந்திருக்கலாம்மா, அந்தக் காய்ச்சலால சில குழந்தைகளுக்கு இப்படி வரும், மூளைக்கு ஒண்ணும் ஆகாது, வளர வளரப் போயிடும்னாரு. சாயங்காலமே இவ பிஸ்கட் கேட்டா.

ஆனா என் மனசு கேக்குமா? தேடினேன். தேடினா என்ன வருது? இதே தாம்பரம் பக்கத்துல, இதே மாதிரி ஒரு குழந்தை. ஊசி போட்டு ஒரு வாரத்துல வலிப்பு. கடைசில கால் ரெண்டும் விளங்காம போச்சுன்னு போட்டிருந்தான்.

உடனே நம்பிடலக்கா. நாங்க கான்வென்ட்ல படிச்சவங்க. ஜோசலின் சிஸ்டர் சயின்ஸ் ப்ராஜெக்ட்ல மூணு ரெஃபரன்ஸ் கேப்பாங்க. ரெண்டுதான் இருந்தா மார்க் கட். அந்தப் பழக்கத்துல மூணு இடம் பார்த்தேன். இந்த லேகியக்காரன் பக்கம் ஒண்ணு. யூட்யூப்ல ஒருத்தர், கோட்டு போட்டுக்கிட்டு, அழற மாதிரியே பேசறாரு. அப்புறம் இங்கிலீஷ்ல ஒரு வெப்சைட், பார்க்கவே கண்ணியமா இருந்துச்சு. ஒண்ணுல பையன்னு இருந்துச்சு, இன்னொண்ணுல பொண்ணுன்னு இருந்துச்சு. ஆனா மூணுலயும் அதே வலிப்பு, அதே காலு. மூணுலயும் எச்சரிக்கை, பச்சை மூடி போட்ட மருந்தை மட்டும் போட விடாதீங்கன்னு. மூணு பேர் ஒரே மாதிரி சொன்னா உண்மைதானேன்னு முடிவு பண்ணிட்டேன். போன மாசம் இங்க வந்து பச்சை மூடியான்னு கேட்டு, நர்ஸ் இல்லன்னு ஃப்ரிட்ஜைக் காட்டியும், மறைக்கிறாங்களோன்னு குழந்தையைத் தூக்கிட்டுத் திரும்பிட்டேன். நீங்க இப்ப எழுந்தீங்களே, அப்படியே.

சிரிக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். ஏழாங்கிளாஸ்ல ஷீலான்னு ஒருத்தி, வௌவால் முட்டை போடும்னு எழுதிட்டா. அவளைப் பார்த்து காப்பியடிச்ச எங்க எல்லார் ப்ராஜெக்ட்லயும் வௌவால் முட்டை போட்டுச்சு. ஜோசலின் சிஸ்டர் அடிக்கல. ஒரே வௌவால்தான் எல்லார் வீட்டுக்கும் பறந்திருக்குன்னு சொல்லிட்டு எல்லாத்துக்கும் சைபர் போட்டாங்க. மூணு ரெஃபரன்ஸ் ஞாபகம் இருந்த எனக்கு, அந்த வௌவால் ஞாபகம் வரலயேக்கா.

எப்ப ஞாபகம் வந்துச்சா? போன வாரம். இவளுக்கு லேசா சளி, ஒடம்பு சுட்டுச்சு. காய்ச்சல் சிரப்பை எடுத்து மூடியைத் திருகறேன். பச்சை மூடி. என் கையில. சிங்க்கிட்ட அப்படியே நின்னுட்டேன்.

ஏன்னா அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் இதே பாட்டிலைத்தான் கையில வெச்சிருந்தேன். அபார்ட்மெண்ட் குரூப்ல சுப்ரஜா ஆன்ட்டி என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டுட்டே இருந்தாங்க. டைப் பண்ண விரல் வரல. வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அழுகை வேற. ஊசியைச் சொல்றேன், சிரப்பைச் சொல்றேன், வாயில வந்ததையெல்லாம் உளறி, இந்தப் பச்சை மூடி மருந்துன்னு சொல்லிட்டேன். கடைசில, டாக்டர் பயப்பட வேணாம்னுட்டாரு, இப்ப நல்லா இருக்கா, வேற யார் குழந்தைக்காவது இப்படி ஆகியிருக்கான்னு கேட்டேன். இப்ப சுத்தற ஆடியோல அந்தக் கடைசியை எவனோ வெட்டிட்டான். யாருன்னு கண்டுபிடிக்க முடியல. காலு விளங்கலன்னு யார் சேர்த்தாங்களோ, அதுவும் தெரியல. ஊரெல்லாம் சுத்தி, என் பயமே வேற குழந்தையோட கதையா என்கிட்ட திரும்பி வந்துச்சு. நானும் அதைப் படிச்சுட்டு, ஐயோ பாவம் யார் பெத்த புள்ளையோன்னு ஜெபம் பண்ணேங்கா.

அப்படி எதுவும் ஆகலன்னு குரூப்ல போட்டேன். லேகியக்காரனுக்கும் எழுதினேன். யாரும் அதை ஃபார்வர்ட் பண்ணல.

இப்பவும் பயம்தான். எல்லாம் தெரிஞ்சும் இன்னிக்கும் நர்ஸ்கிட்ட பச்சை மூடியான்னு கேட்டேனே. பூஸ்டர் போட்டா மறுபடியும் காய்ச்சல் வரலாம்னு டாக்டரே சொன்னாரு. வந்தா என்ன செய்யணும்னும் சொல்லிக் குடுத்திருக்காரு. தெரிஞ்சா மட்டும் பயம் போயிடுதா என்ன?

ஆங், வர்றோம் சிஸ்டர், நாங்கதான். ஜீவி, வா தங்கம்.

அக்கா, எங்களுக்கு அடுத்து நீங்க. கிளம்பறதுன்னா கிளம்புங்க, நான் தடுக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி அந்த ஆடியோவை இப்ப ஒரு தடவை கேளுங்க. என் அழுகையைக் கேக்காதீங்க, எல்லாரும் அதையேதான் கேட்டாங்க, நானும்தான். பின்னாடி கேளுங்க. கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் ஹாலுக்கும் கிச்சனுக்கும் போயிட்டு வருதா?

கால் விளங்கலன்னு எழுதியிருக்காங்களே, அந்தக் குழந்தைதான்.